கையில் பிடித்த வானம்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் நம்மில் பாதிப் பேருக்கு உள்ளங்கை கொப்புளித்தது ஞாபகம் இருக்கும். ஃபிட்டிங் செக்‌ஷனில் வைஸில் பிளேட்டை மாட்டி அரம் போடச் சொன்னார்கள். எனக்கு வந்த அரத்துக்குப் பிடியே கிடையாது. வெறும் வாலில் துணியைச் சுற்றிக்கொண்டு 'வி' ஃபிட்டிங்கை ஒருவழியாக முடித்தேன். சேர்த்து வைத்துப் பார்த்தால் இடைவெளியில் வெளிச்சம் அடித்தது. மார்க் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி என் கையைப் பார்த்துவிட்டு அப்பா என்ன ஏது என்று விசாரித்தார். எங்க அப்பாவுக்குக் கூலி வேலை. வரப்பு வெட்டுவது, வாய்க்கால் தூர் வாருவது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான்தான். அவருக்கு ஃபிட்டிங் தெரியாது, ஆனால் பிடி தெரியும். மறுநாள் விடிவதற்குள் ஒரு கருவேலங்கட்டையைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, என் கையை விரிக்கச் சொல்லி அளவு பார்த்து, மறுபடி சுரண்டி, மேலே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். அந்தப் பிடி இன்னும் என்னிடம் இருக்கிறது. இரவல் கேட்டவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் முதலில் பிடியைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது 1903இல் எடுத்த அந்தப் பிரபலமான படம் வந்தது. முதல் விமானம் மணலை விட்டு எழும்புகிறது. கீழ் இறக்கை மேல் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். வேறு ஒருவர் பக்கத்தில் ஓடி வந்து நிற்கிறார். படுத்திருப்பவர் கையில் என்ன பிடித்திருக்கிறார்? ஸ்டியரிங் இல்லை, ஹேண்டில்பார் இல்லை. அதைத் தேடப் போய்த்தான் பக்கத்தில் நிற்கிறவரின் கதை எனக்குக் கிடைத்தது. படுத்திருப்பவர் தம்பி ஆர்வில் ரைட். நிற்பவர் அண்ணன் வில்பர் ரைட். இந்தக் கட்டுரை அண்ணனைப் பற்றியது.

வில்பர் 1867 ஏப்ரல் 16ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் மில்வில் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தார். அப்பா மில்டன் ரைட் ஒரு கிறிஸ்தவ சபையின் பிஷப், எந்நேரமும் ஊர் ஊராகப் போகிறவர். அம்மா சூசன்தான் வீட்டில் கருவி பிடிக்கத் தெரிந்தவர். அவருடைய அப்பா வண்டி செய்கிற தொழிலாளி. அந்தப் பட்டறையில் வளர்ந்ததால் சூசன் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களைத் தானே செய்து கொடுப்பார். 1878இல் அப்பா வாங்கி வந்த, ரப்பர் முறுக்கினால் மேலே பறக்கிற பொம்மை ஒன்றைப் பற்றி எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. எனக்கென்னவோ அந்தப் பொம்மையைவிட அந்த அம்மாவின் உளிதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

வில்பர் நன்றாகப் படிக்கிற பையன். யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதாக வீட்டில் பேச்சு. 1884இல் குடும்பம் ஓஹியோவில் உள்ள டேட்டன் நகரத்துக்கு மாறியபோது, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தும் சான்றிதழ் வாங்காமலே கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்த குளிர்காலத்திலோ அதைவிடப் பெரிய அடி. பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடும்போது ஒரு மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போய்விட்டன. காயம் ஆறியது, ஆனால் ஆள் ஒடுங்கிப் போனார். யேல் பேச்சு நின்றுவிட்டது. சுமார் 3 வருஷம் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. காசநோயில் படுத்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அப்பாவின் புத்தகங்களைப் படிப்பதுமாக இருந்தார். 1889 ஜூலை 4ஆம் தேதி அம்மா இறந்து போனார். முதல் செமஸ்டரில் 2 அரியர் வைத்துவிட்டு, திண்ணையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த 3 வருஷத்தைப் படிக்கும்போது பக்கத்தைச் சீக்கிரம் திருப்ப முடியவில்லை.

பிறகு தம்பியோடு சேர்ந்து அச்சகம், 1892இல் சைக்கிள் கடை. முதலில் ரிப்பேர், வாடகை, விற்பனை. 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் செய்து விற்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஜெர்மனியில் ஓட்டோ லீலியென்தால் என்பவர் கிளைடரில் இருந்து விழுந்து இறந்தார். அவர் எப்படிப் பறந்தார் என்றால், இறக்கையில் தொங்கிக்கொண்டு உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசி எடையை மாற்றுவார். கையில் இயக்குவதற்கு என்று எதுவும் கிடையாது. காற்று கொஞ்சம் மீறினால் உடம்பு போதாது. அந்தச் செய்தி வில்பரைப் பிடித்துக்கொண்டது. 1899 மே மாதம் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு எழுதி, பறப்பது பற்றி இருக்கிற புத்தகங்களின் விவரத்தைக் கேட்டு வாங்கினார்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பறக்க நினைத்தவர்களில் பலருக்கு இரண்டு கவலைதான். பலமான எஞ்சின் வேண்டும். விமானம் தானாகவே ஆடாமல் நிற்க வேண்டும். ஓட்டுகிறவன் கப்பலைத் திருப்புகிற மாதிரி திருப்பினால் போதும் என்று நினைத்தார்கள். வில்பர் சைக்கிள்காரர். சைக்கிள் தானாக நிற்காது என்பது அவருக்குத் தெரியும். அதை நிமிடத்துக்கு நூறு தடவை ஓட்டுகிறவன்தான் சரி செய்துகொண்டிருக்கிறான், அதுவும் யோசிக்காமலே. அப்படியானால் பறக்கிறவன் கைக்கும் எதையாவது கொடுத்தாக வேண்டும். எஞ்சின் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிடி.

1899 ஜூலையில் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு டியூப் விற்றபோது கையில் இருந்த காலி அட்டைப்பெட்டியை வில்பர் சும்மா முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு முனை மேலாகவும் மறு முனை கீழாகவும் திரும்பியது, ஆனால் பெட்டி உடையவில்லை. இரண்டு அடுக்கு இறக்கையையும் இப்படியே முறுக்கலாமே! ஒரு பக்கம் தூக்கும் சக்தி கூடும், மறு பக்கம் குறையும், விமானம் சாயும். உடனே 5 அடி அகலத்தில் ஒரு பட்டம் கட்டினார். அதிலிருந்து 4 கயிறு. அவை இரண்டு குச்சிகளில் கட்டியிருந்தன, ஒவ்வொரு கையிலும் ஒரு குச்சி. குச்சிகளை எதிரெதிராகச் சாய்த்தால் பட்டத்தின் இறக்கை முறுக்கிக்கொள்ளும். தரையில் நின்றபடி வில்பர் பிடித்த அந்த இரண்டு குச்சிகளைத்தான் நான் முதல் கண்ட்ரோல் ஸ்டிக் என்பேன். புத்தகத்தில் அப்படிப் போடவில்லை, என் கணக்கு.

1900இல் வட கரோலினாவின் கடலோரத்தில், மணலும் காற்றும் மட்டும் இருக்கிற கிட்டி ஹாக்குக்குக் கிளைடரோடு போனார்கள். 1901இல் கொண்டுபோன பெரிய கிளைடர் ஏமாற்றியது. மனிதன் பறப்பதை நம் காலத்தில் பார்க்கப் போவதில்லை என்று மனம் விட்டுப்போய்த்தான் ரயில் ஏறினார் வில்பர். ஆனால் ஊர் திரும்பியதும் கடையிலேயே 6 அடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டியைச் செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, உள்ளே குட்டிக் குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். சுமார் 200 மாதிரிகள். காற்று எவ்வளவு தூக்குகிறது என்று அளக்கிற தராசை எதில் செய்தார்கள் தெரியுமா? ஹேக்ஸா பிளேடிலும் சைக்கிள் ஸ்போக்ஸிலும்! நம் டூல் ரூமில் உடைந்து கிடக்கிற சாமான்தான். அதுவரை எல்லாரும் நம்பியிருந்த அட்டவணைகளில் தவறு இருப்பதை இந்தப் பெட்டி காட்டிக் கொடுத்தது.

1902 கிளைடரில் ஓட்டுகிறவர் குப்புறப் படுத்துக்கொள்வார். காற்றின் எதிர்ப்பு குறையும் என்பது கணக்கு. ஒரு கையில் முன்பக்கச் சுக்கானை ஏற்றி இறக்குகிற லீவர். இறக்கையை முறுக்குவதற்கு இடுப்பைச் சுற்றி ஒரு மரத் தொட்டில். இடுப்பை இடதுபுறம் நகர்த்தினால் கம்பிகள் இழுத்து இறக்கை முறுக்கும். பின் சுக்கானும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்தது. நான் தேடிய கேள்விக்குப் பதில் இதுதான். அந்தப் படத்தில் இருப்பவர் கையால் பாதியும் இடுப்பால் பாதியும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

1903க்கு எஞ்சின் வேண்டியிருந்தது. கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக், ஒரு லேத்தையும் டிரில்லிங் மெஷினையும் வைத்துக்கொண்டு சுமார் 6 வாரத்தில் 12 குதிரைசக்தி எஞ்சினைச் செய்து கொடுத்தார். நம் துறை நண்பர்கள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது. டிசம்பர் 14ஆம் தேதி காசு சுண்டிப் போட்டதில் முதல் வாய்ப்பு வில்பருக்கு. லீவரைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டார். விமானம் மூக்கைத் தூக்கி, மூன்றரை விநாடியில் மணலில் இறங்கிச் சேதமானது. ரிப்பேர் முடிந்து 17ஆம் தேதி தம்பியின் முறை, 12 விநாடி. படத்தில் இருப்பது அது. அன்றைக்கு நான்காவது தடவை பறந்த வில்பர் 59 விநாடியில் 852 அடி போனார். உலகம் 12 விநாடியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது, அண்ணன் 59ஐ விட்டுவிட்டது.

அடுத்த இரண்டு வருஷம் டேட்டன் பக்கத்தில் ஒரு மாட்டு மேய்ச்சல் நிலத்தில் பழகினார்கள். பின் சுக்கானைத் தொட்டிலிலிருந்து பிரித்துத் தனிப் பிடி வைத்தார்கள். 1905 அக்டோபர் 5ஆம் தேதி வில்பர் 39 நிமிடம் தொடர்ந்து வட்டமடித்தார், 24 மைல். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கியபடி 39 நிமிடம்! கழுத்து என்ன பாடு பட்டிருக்கும் என்று தெரியவில்லை. அதன் பிறகு வியாபாரம் முடிகிற வரையில் யாருக்கும் காட்டுவதில்லை என்று இரண்டரை வருஷம் பறக்கவே இல்லை.

1908இல் அமெரிக்க ராணுவம் ஒரு விமானத்துக்கு 25,000 டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. நிபந்தனை, இரண்டு பேர் பறக்க வேண்டும். இரண்டு பேரைப் படுக்க வைத்துக்கொண்டு போக முடியாது, உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தால் இடுப்புத் தொட்டில் உதவாது. ஆக, இடுப்பு செய்த வேலையெல்லாம் கைக்கு வந்தது. பழைய 1905 விமானத்திலேயே இருக்கை போட்டு, நிமிர்ந்து நிற்கிற லீவர்கள் பொருத்தி, மே மாதம் கிட்டி ஹாக்கில் பழகப் போனார்கள். மே 14ஆம் தேதி தனியாகப் பறந்த வில்பர் புதிய லீவரைத் தவறான திசையில் நகர்த்திவிட்டார். விமானம் வேகமாக மணலில் மோதி உருக்குலைந்தது. மூக்கில் வெட்டு, உடம்பெல்லாம் ஊமைக்காயம், அவ்வளவோடு தப்பினார்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் அவரைவிட அதிகம் பறக்கத் தெரிந்தவர் கிடையாது, தம்பி ஒருவரைத் தவிர. லீவரை வைத்தவரும் அவர்கள்தான். எந்த லீவர் எதைச் செய்யும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். மூளைக்குத் தெரிந்தது கைக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு சைக்கிளில் பிரேக் இடம் மாறியிருந்தால் நாம் எப்படிப் போய் விழுகிறோமோ அப்படி.

அந்தக் காயத்தோடு வில்பர் நேராகப் பிரான்ஸ் போனார். பெட்டிகளைத் திறந்தால் விமானப் பாகங்கள் நசுங்கிக் கிடந்தன. சரி செய்துகொண்டிருக்கும்போது ஜூலை 4ஆம் தேதி ரேடியேட்டர் குழாய் கழன்று கொதிநீர் கையில் கொட்டிவிட்டது. இன்னும் பழகாத கை, இப்போது வெந்த கை. ஆகஸ்ட் 8ஆம் தேதி சாயங்காலம் லெ மான் அருகே குதிரைப் பந்தய மைதானத்தில் அந்தக் கையோடு ஏறி உட்கார்ந்தார். பொய்யர்கள் என்று சகோதரர்களைப் பத்திரிகைகள் கேலி செய்துகொண்டிருந்த நேரம் அது. பறந்தது 1 நிமிடம் 45 விநாடிதான். ஆனால் இறக்கையைச் சாய்த்து அழகாக வட்டமடித்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கினார். பிரெஞ்சு விமானங்கள் அப்போது தட்டையாகத் தடுமாறித்தான் திரும்பும். கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் லூயி பிளேரியோவும் ஒருவர். அந்த மாதத்திலேயே ஒரு நாள் இறங்கும்போது லீவரில் மறுபடி தவறு செய்து வில்பர் இறக்கையை உடைத்துக்கொண்டார். மறைக்கவில்லை, பழுது பார்த்துவிட்டு மறுபடி பழகினார். விமானக் கொட்டகையிலேயே படுக்கை, சமையல் எல்லாம். அந்த வருஷத்தின் கடைசி நாளில் அதே கை 2 மணி 20 நிமிடம் தொடர்ந்து பறந்து மிஷ்லின் பரிசை வாங்கியது.

நடுவில் செப்டம்பர் 17ஆம் தேதி அமெரிக்காவில் ஆர்வில் ஓட்டிய விமானத்தில் புரொப்பல்லர் பிளந்து விழுந்தது. கூடப் போன லெஃப்டினண்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார், ஆர்வில் தொடை எலும்பு முறிந்து பிழைத்தார். இவர்களுடைய தங்கை கேதரின், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் கல்லூரிப் பட்டம் வாங்கிய ஒரே ஆள், ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணனைக் கவனித்துக்கொண்டார்.

இனி எனக்குப் பிடித்த இடம். அண்ணனும் தம்பியும் ஒரே பிடியைப் பிடிக்கவில்லை! வில்பர் வைத்துக்கொண்டது, இடது கையில் ஏற்றி இறக்குகிற லீவர், வலது கையில் இன்னொரு லீவர். அதைப் பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை முறுக்கும், முன்னும் பின்னும் தள்ளினால் பின் சுக்கான் திரும்பும். ஆர்விலுக்கு அது சரிப்படவில்லை. அவர் ஏற்பாட்டில் வலது லீவரை முன்னும் பின்னும் தள்ளினால் இறக்கை முறுக்கும். அந்த லீவரின் தலையில் கீல் வைத்த ஒரு சின்னப் பிடி, மணிக்கட்டை மட்டும் திருப்பினால் சுக்கான் அசையும். பின்னால் வந்த ரைட் விமானங்களில் தம்பியின் பிடியே நிலைத்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. எங்க சித்தப்பா அப்பாவின் மண்வெட்டியைத் தொட மாட்டார். காம்பு இவருக்கு நீளம், அவருக்குக் குட்டை. இருவரும் ஒரே வரப்பில்தான் வேலை செய்வார்கள்.

ஆனால் இந்த லீவர்களில் ஒரு கோளாறு இருந்தது. இரண்டு இருக்கை, நடுவில் ஒரே ஒரு முறுக்கு லீவர், அது இருவருக்கும் பொது. ஏற்றி இறக்குகிற லீவர் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. இடது இருக்கையில் இருப்பவருக்கு நடு லீவர் வலது கையில், வலது இருக்கையில் இருப்பவருக்கு அதே லீவர் இடது கையில். வில்பர் இடது இருக்கைக்காரர். அவரிடம் பழகியவர்கள் வலது இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தலைகீழாகக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பக்கம் பழகியவர் மறு பக்கம் உட்கார்ந்தால் புது ஆள் மாதிரிதான். ரைட் விமானிகளில் இடது இருக்கைக்காரர், வலது இருக்கைக்காரர் என்று இரண்டு ஜாதி ஏற்பட்டதே இதனால்தான். 1908 மே மாதம் தன் கையே தன்னை ஏமாற்றியதை அனுபவித்தவர் இதை ஏன் மாற்றவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

மாற்றியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ராபர்ட் எஸ்னோ-பெல்தெரி, பிளேரியோ போன்றவர்கள் முழங்கால்களுக்கு நடுவில் ஒரே ஸ்டிக்கை நிறுத்தினார்கள். இழுத்தால் ஏறும், தள்ளினால் இறங்கும், சாய்த்த பக்கம் சாயும். சுக்கான் காலுக்குப் போய்விட்டது. பிளேரியோவின் ஸ்டிக் உச்சியில் பிடிப்பதற்கு ஒரு சின்ன வட்டம் இருக்கும், அது திரும்பாது, கைப்பிடி மட்டும்தான். 1909 ஜூலை 25ஆம் தேதி அதைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். இன்றைக்குச் சிறிய விமானத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்கள் ஸ்டிக்கின் பிடியை மரமா, ரப்பரா, பருமன் எவ்வளவு, ரேடியோ பட்டன் எந்த விரலுக்கு, முன்கையைத் தொடையில் சாய்த்தபடி பிடிக்க உயரம் சரியா என்று பார்த்துப் பார்த்து மாற்றுகிறார்களே, அவர்கள் பிடிப்பது இந்தப் பிரெஞ்சு ஸ்டிக்கின் வம்சம். வில்பரின் லீவர் வம்சம் அற்றுப்போனது. இடது, வலது கைச் சிக்கல் மட்டும் 1988இல் ஓட ஆரம்பித்த ஏர்பஸ் ஏ320இல் மறுபடி தலைகாட்டியது. அதில் கேப்டனுக்கு ஸ்டிக் இடது கையில், துணை விமானிக்கு வலது கையில்.

1909இல் வில்பர் பிரான்சிலும் இத்தாலியிலும் மாணவர்களைப் பழக்கினார். செப்டம்பர் 29ஆம் தேதி நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைச் சுற்றினார். அக்டோபர் 4ஆம் தேதி ஹட்சன் ஆற்றின் மேல் போய்த் திரும்பினார். தண்ணீரில் விழுந்தால் மிதக்கட்டும் என்று விமானத்தின் அடியில் ஒரு சிவப்பு ஓடத்தைக் கட்டியிருந்தார், பாருங்கள் மெக்கானிக் புத்தியை! 1910 மே 25ஆம் தேதி அண்ணனும் தம்பியும் முதலும் கடைசியுமாக ஒன்றாகப் பறந்தார்கள். அது வரையில் ஒரே விமானத்தில் இருவரும் ஏறுவதில்லை என்று அப்பாவுக்கு வாக்கு. ஒருவர் போனாலும் இன்னொருவர் வேலையைத் தொடர வேண்டுமே.

அதன் பிறகு வில்பர் பறந்தது குறைவு, வக்கீல்களோடு உட்கார்ந்தது அதிகம். இறக்கையை முறுக்கிச் சமன் செய்வதற்கு 1906இல் வாங்கிய காப்புரிமைக்காக வழக்கு மேல் வழக்கு. தன் உழைப்பைப் பிறர் எடுத்துக்கொண்டால் கோபம் வராதா என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வருஷங்களில் லீவரைத் திருத்தியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. 1912இல் டைஃபாய்டு காய்ச்சல் வந்து படுத்தவர் மே 30ஆம் தேதி அதிகாலை டேட்டனில் இறந்தார். வயது 45. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாங்காமல் விட்ட பள்ளிச் சான்றிதழ் 1994 ஏப்ரல் 16ஆம் தேதி, அவருடைய 127ஆவது பிறந்த நாளில் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

இதையெல்லாம் எழுதி முடித்து வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா அந்த வெந்த கையைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். அப்பா கடைசி வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டு, விமானத்தை எந்த மரத்தில் செய்தார்கள் என்று மட்டும் கேட்டார். ஸ்ப்ரூஸ், ஆஷ் என்ற இரண்டு மரம், நம்ம ஊரில் கிடையாது என்றேன். ஆஷ் எதுக்கு ஆகும் என்றார். அந்த ஊரில் சுத்தியல் பிடி, மண்வெட்டிக் காம்பெல்லாம் அதில்தான் போடுவார்களாம் என்றேன். அப்படிச் சொல்லு என்று சொல்லிவிட்டு எழுந்து போய், என் பையிலிருந்து அரத்தை எடுத்து, பிடி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார்.